பொக்கல்லி பூத்த தாங்கல்

எழுபத்து நான்கு வயதில் ஒருவன் பாளையங்கோட்டையிலிருந்து சுங்குவார்சத்திரத்துக்குப் போகிறான் என்றால், அங்கே அவனுக்கு மகன் வேலை பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் விற்காமல் போட்ட மனை இருக்க வேண்டும். எனக்கு இரண்டும் இல்லை. நான் ஒரு பூவைப் பார்க்கப் போனேன். காரணம் கேட்டவர்களிடம், ஒருவரைத் தவிர, அதையே சொன்னேன். பதினோரு பேர் சிரித்தார்கள். என் மனைவியை இதில் சேர்க்கவில்லை. அவள் சிரிக்கவில்லை, இரண்டு நாள் பேசவில்லை.

பூவின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தோரு வருஷத்துக்கு முன்பு நான் ஒரு கல்லூரியில் தாவரவியல் செய்முறை வகுப்புகளைக் கவனித்துக்கொண்டிருந்தேன். மாணவர்களைச் சுற்றுலா அழைத்துப்போன பஸ் சுங்குவார்சத்திரத்தைத் தாண்டியதும் நின்றுவிட்டது. டிரைவர் பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்த மூன்று மணி நேரத்தில் நான் வயல் வரப்பில் நடந்து ஒரு நீர்நிலைக்குப் போய்ச் சேர்ந்தேன். நீர் முழுவதும் வெள்ளை அல்லி. ஒரு மூலையில் மட்டும் ரோஸ் நிறத்தில் இருபத்து மூன்று பூ.

அல்லியில் வெள்ளையும் சிவப்பும் தானாக வளர்பவை. இரண்டும் சாயங்காலம் விரிந்து மறுநாள் முற்பகலில் மூடிக்கொள்ளும். ஒரே நேரத்தில் விரிந்திருப்பதால் ஒன்றின் மகரந்தத்தை வண்டோ தேனீயோ இன்னொன்றுக்குக் கொண்டுபோக வழி உண்டு. அப்படிப் பிறந்த பிள்ளைதான் இந்த ரோஸ் என்பது என் கட்சி. நர்சரிகளில் தொட்டியில் வைத்து விற்கிற பல நிற அல்லிகளை மனிதன் கலந்து உண்டாக்குகிறான். அதே வேலையை யாரும் கூலி கொடுக்காமல் ஒரு வண்டு செய்திருக்கிறது. ஆறு பக்கம் எழுதி எங்கள் துறைத் தலைவரிடம் கொடுத்தேன்.

"எவனாவது பங்களாத் தொட்டியில கெடந்ததத் தூக்கித் தண்ணியில போட்டிருப்பான். அதப் போயி கண்டுபிடிப்புன்னு எழுதிக்கிட்டு வந்திருக்கீரே" என்றார் அவர்.

அவர் ஓய்வு பெற்ற அன்று அவருடைய மேசையைக் காலி செய்தவன் நான். அடி டிராயரில் என் ஆறு பக்கமும் இருந்தன. குத்தியிருந்த குண்டூசி துருப்பிடித்திருந்தது. முதல் பக்கத்தைப் புரட்டிய தடமே இல்லை.

இந்தப் பங்குனியில் செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் நான்கு வரிச் செய்தி ஒன்று பார்த்தேன். ஒரு கம்பெனியின் நிதியுதவியில் இன்ன ஊர்த் தாங்கல் தூர்வாரப்படுகிறது, செடிகொடிகளை அகற்றும் வேலை நடக்கிறது, திங்கட்கிழமை இயந்திரம் இறங்குகிறது. அது என் நீர்நிலைதான். என் கையில் இருந்தது நான்கு நாள். அங்கே அந்த ரோஸ் பூ இன்னும் இருந்தால், அது எப்படி வந்தது என்பதற்குச் சான்று சேர்த்து, பொறுப்பில் இருப்பவரிடம் காட்டி, அந்த மூலையை மட்டும் விட்டுவைக்கச் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் நான் போன வேலை.

வியாழக்கிழமை காலை போய் இறங்கினேன். நாற்பத்தோரு வருஷத்துக்கு முன்பு நான் பார்த்த சுங்குவார்சத்திரத்தில் நான்கு கடை இருந்தது. இப்போது பஸ் நிறுத்தத்திலிருந்து லாட்ஜ் வரை நடப்பதற்குள் பதினேழு செல்போன் கடையை எண்ணினேன். லாட்ஜில் கொடுத்த அறைக்கு ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடச் சுவர், அரை முழத் தூரத்தில். பிளக் பாயின்ட் மட்டும் ஒன்பது இருந்தது. முன்பு அந்த அறையில் ஒன்பது பேர் தங்கியிருந்தார்களாம், ஆளுக்கு ஒரு சார்ஜர்.

காலைச் சாப்பாட்டுக்கு நான்கு இட்லி. அதன் தலையில் வடகறி என்ற ஒன்றை ஊற்றினார்கள். பருப்பு வடையைச் செய்து, அதைப் பிய்த்து, மறுபடி குழம்பாக்குவது. எங்கள் ஊரில் மிஞ்சிப்போன வடையை அப்படிச் செய்தால் வீட்டில் சண்டை வரும். இங்கே அதற்கென்றே வந்து உட்காருகிறார்கள். சட்னி இல்லையா என்று கேட்டேன். "நாஸ்தாவுக்கு வடகறி வச்சிக்கினு எவனாவது சட்னி கேப்பானா சார்?" என்றார் பரிமாறியவர். பக்கத்து மேசையில் நீலச் சட்டை போட்ட நான்கு பெண்கள், ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்தவர்கள், பேச்சு காதில் பட்டதும் திரும்பினார்கள்.

"தாத்தா திருநெல்வேலிப் பக்கமா? நாங்க ஆலங்குளம். எதுக்கு வந்திய?"

"ஒரு பூவப் பாக்க வந்தேன்."

"ஏட்டி, கேட்டியா. நம்ம ஊர்ல பூவே கெடையாதுன்னு தாத்தா இங்கன வந்திருக்காவ."

நான்கு பேரும் சிரித்தார்கள். பதினொன்றில் நான்கு.

ஷேர் ஆட்டோ ஓட்டுகிற ஏழுமலை என்பவரிடம் ஊர்ப் பெயரைச் சொன்னேன். ஐம்பது வயதிருக்கும்; ஆட்டோவில் என்னோடு சேர்த்து எட்டுப் பேர் இருந்தார்கள், ஓட்டுகிறவரைச் சேர்க்காமல். அங்கே என்ன வேலை என்று கேட்டார். இனி பூ என்று சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன். "ஒரு ஹைப்ரிட்டைப் பார்க்கணும்" என்றேன். அவர் தலையாட்டினார். முக்கால் மணி நேரம் தூசியிலும் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவிலும் போய், ஒரகடத்தில் ஒரு கார்த் தொழிற்சாலையின் இரும்புக் கதவுக்கு முன்னால் இறக்கிவிட்டார்.

"இங்கதான் சார் ஹைப்ரிட் வண்டிலாம் வர்து. கேட்டாண்ட சொல்லுங்க, உள்ள வுடுவாங்க."

காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்து, "இன்டர்வியூவா?" என்றார். ஆட்டோவில் மீதமிருந்த மூன்று பேர் சிரித்தார்கள். முதல் நாள் இதோடு முடிந்தது. எனக்கு வெயில் ஆகாது. திரும்பி வந்து படுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நானே ஏழுமலையைக் காலை ஏழு மணிக்கு வரச் சொல்லி, தனியாக அமர்த்திக்கொண்டேன். செய்த தவற்றுக்கு அவர் வருந்தினார் என்று சொல்ல முடியாது, ஆனால் வந்தார். நேற்றைய குழப்பம் வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னேன்: "அந்த ஊர்க் குளத்துக்குப் போகணும்."

குளத்துக்குத்தான் கொண்டுபோனார். நான்கு பக்கமும் படிக்கட்டு, நடுவில் சின்ன மண்டபம், கரையில் கோயில். நான் தேடி வந்தது இது இல்லை.

"கொளம்னுதானே சொன்னீங்க? கொளம்னா கோயில் கொளந்தான் சார். பயிருக்குத் தண்ணி வுட்றது ஏரி. சின்னதா இருந்தா தாங்கலு. எந்த ஊரு சார் நீங்க, இதுகூடவா தெரியாது?"

தெற்கே ஆயிரம் ஏக்கருக்குப் பாயும் நீர்நிலையும் குளம்தான். ஏரி என்ற சொல்லை நாங்கள் பாடப் புத்தகத்தில்தான் படித்தோம். இதை ஏழுமலைக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது தண்ணீரைப் பார்த்தேன். விளக்கத்தைப் பாதியில் நிறுத்தினேன்.

குளத்தின் வடமேற்கு மூலையில் சிவப்பு அல்லி. அடர்ந்த சிவப்பு, இலையிலும் செம்பு நிறம். முப்பத்தொரு பூ. எல்லாம் விரிந்திருந்தன. ரோஸ் பூவுக்கு ஒரு பெற்றோர் வெள்ளை, அது தாங்கலில் இருந்தது. இன்னொரு பெற்றோரை அன்று எனக்குத் தேட நேரம் கிடைக்கவில்லை. என் ஆறு பக்கத்தின் பெரிய ஓட்டை அதுதான். அந்த ஓட்டையை ஏழுமலை தெரியாமல் அடைத்துவிட்டார்.

படியில் பைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம், குளம் நிறைந்தால் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டேன்.

"மின்ன எல்லாம் கால்வா வழியா தாங்கலுக்குப் போய்க்கினு இருந்துச்சு. இப்ப எங்க போவுது? கம்பெனி காம்பவுண்டு கட்டிட்டான். மழை பேஞ்சா நம்ம வூட்டுக்குள்ளதான் வருது."

குளத்திலிருந்து தாங்கலை நோக்கித் தப்படி எண்ணிக்கொண்டே நடந்தேன். வாய்க்கால் இருந்த தடம் முந்நூற்றுப் பத்தாவது தப்படியில் வெள்ளைச் சுவரில் முட்டி நின்றது. வண்டுக்குச் சுவர் ஒரு தடையில்லை. எனக்குத் தடைதான், சுற்றிக்கொண்டு போக முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. மணி பத்தரை. ஏழுமலைக்கு வேறு சவாரி இருந்தது. மறுநாள் தாங்கலுக்கே நேராகப் போவது என்று திரும்பினேன். அன்று மத்தியானம் மெஸ்ஸில் சாம்பாரில் சர்க்கரை இருந்தது. நான் குறை சொல்லவில்லை. இரண்டு நாளில் நான் குறை சொல்லாத முதல் சாப்பாடு அது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே சாலையில் நின்றேன். ஷிஃப்ட் மாறும் நேரம். கம்பெனி பஸ்கள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு வந்தன. எல்லா ஜன்னலிலும் கண்ணாடியில் சாய்ந்து தூங்குகிற தலைகள். நூற்றெட்டு பஸ் வரை எண்ணினேன். அதற்குள் சாலையின் குறுக்கே ஒரு டிரெய்லரின் அச்சு முறிந்து நின்றுவிட்டது. ஏழுமலையின் ஆட்டோ அதற்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். எங்கள் ஊரில் ரயில்வே கேட் மூடினால் கால் மணி நேரம் திட்டுவோம். இங்கே மூன்று மணி நேரத்துக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. போனில் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "சார், ரோடு பிளாக்கு, அரை நாள் போட்ராதீங்க சார்" என்று கெஞ்சினார்கள். ஒரே வாக்கியத்தை ஐந்து பேர் ஐந்து ஊர்த் தமிழில்.

தாங்கலை அடைந்தபோது மணி பத்து ஐம்பது. பூவெல்லாம் மூடியிருந்தது.

தண்ணீர் மூன்றில் ஒரு பங்காக வற்றியிருந்தது. சுற்றி மூன்று பக்கம் தொழிற்சாலைச் சுவர். ஒரு பக்கம் மட்டும் பழைய கரை. உள்ளே நான்கு பெண்கள் இடுப்பளவு நீரில் நின்று ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கரையில் நின்று மூடிய மொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தது அவர்களில் ஒருத்திக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா சார், இன்னா பாக்குற? பாம்பா?"

அவள் பெயர் ஸ்டெல்லா. அந்த ஊர்க்காரி, ஐம்பதைத் தாண்டியவள். காலையில் தாங்கல் வேலை, பிற்பகல் இரண்டு மணி ஷிஃப்ட்டுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கம்பெனியில் தரை துடைக்கும் வேலை. அவளிடம் பூ என்றே சொல்லிவிட்டேன். ரோஸ் நிற அல்லி ஒன்று இங்கே இருந்ததா என்று கேட்டேன்.

"பொக்கல்லியா? அதோ, அந்த மூலைல கீது பாரு."

எனக்கு அந்தச் சொல் புரியவில்லை. பொக்கு என்றால் என்ன என்று கேட்டேன்.

"கல்லக்கா, அதான் வேர்க்கடல, ஒடச்சா சிலதுல உள்ள பருப்பு இருக்காது பாரு, அதான் பொக்கு. சின்னப் புள்ளைல நாங்கல்லாம் இதுல எறங்கி அல்லிக்கா பறிப்போம். உள்ள கசகசா மாதிரி வெத இருக்கும், வறுத்துத் தின்னா நல்லா இருக்கும். வெள்ளைலதான் அது. ரோஸுல வெளிய பாத்தா காய் மாதிரிதான் இருக்கும், பிச்சா ஒண்ணியும் இருக்காது. வெறும் பஞ்சு. அத்தப் பறிச்சிக்கினு வந்தா எங்கம்மா சிரிக்கும். உன்ன பொக்கல்லி ஏமாத்திடுச்சா டீன்னும்."

"உங்க அம்மா காலத்திலேயே இந்தப் பேரா?"

"எங்கம்மாவுக்கு அவங்கம்மா சொன்ன பேரு."

நான் கரையில் உட்கார்ந்துவிட்டேன். வெள்ளைக்கும் சிவப்புக்கும் பிறக்கும் பிள்ளை பெரும்பாலும் விதை கட்டாது; கிழங்கு பக்கத்தில் பரவித்தான் பிழைக்கும். இதை நிரூபிக்க நான் அன்றைக்கு நுண்ணோக்கியில் மகரந்தத்தை வைத்து இரண்டு மாதம் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன். இந்த ஊரில் காய் பறித்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அது தெரிந்திருக்கிறது. அதற்கு ஒரு பெயரும் இருந்திருக்கிறது. பங்களாத் தொட்டியிலிருந்து எறிந்தது என்ற கட்சியும் அந்தப் பெயரோடு செத்துப்போயிற்று. ஸ்டெல்லாவின் பாட்டி காலத்தில் இந்த ஊரில் ஓட்டு வீடே இரண்டுதான் என்கிறாள். பங்களா ஏது, தொட்டி ஏது? அன்று பஸ் நின்ற மூன்று மணி நேரத்தில் நான் ஒரே ஒரு ஆளிடம் வாய் திறந்து கேட்டிருந்தால் போதும். நான் பூவை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"இதையும் பிடுங்கிவிடுவீர்களா?" என்று கேட்டேன்.

அவள் கரையில் கல்லுக்கு அடியில் வைத்திருந்த பிளாஸ்டிக் உறையிட்ட தாளை எடுத்துக் காட்டினாள். பச்சைக் கட்டத்துக்குள் எட்டுப் படம், விட்டுவைக்க வேண்டியவை. வெள்ளை அல்லி அதில் இருந்தது. சிவப்புக் கட்டத்துக்குள் ஐந்து படம், பிடுங்க வேண்டியவை, ஆகாயத்தாமரை முதலில்.

"பொக்கல்லி ரெண்டுலயும் இல்ல. அதான் தொடாம வுட்டு வச்சிகீறோம். நாளைக்கி அரவிந்த் சார் வருவார். அவர் சொல்றதுதான். அவர் வுட்ற செடி இருக்கிற எடத்துல மிஷினு எறங்காது."

ஆக, ரோஸ் அல்லி பச்சைக் கட்டத்துக்குள் போக வேண்டும். அதற்கு அந்த அரவிந்த் என்பவரை நான் நம்பவைக்க வேண்டும். அன்று இரவு லாட்ஜில் உட்கார்ந்து, அவரிடம் சொல்ல வேண்டியவற்றை வரிசையாக எழுதினேன். பதினான்கு குறிப்பு.

ஞாயிற்றுக்கிழமை சாலை காலியாக இருந்தது. ஆறேகாலுக்குத் தாங்கலில் இருந்தேன். ஸ்டெல்லா முதல் பூசைக்குப் போய்விட்டு ஏழு மணிக்கு வந்தாள். மறுநாள் இயந்திரம் இறங்குவதால் அன்றும் வேலை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் தண்ணீரில் இறங்கினேன். சேறு முழங்காலுக்கு மேல் ஏறியது. வேலை செய்த பெண்கள் நால்வரும் சிரித்தார்கள். பதினொன்றும் கணக்காயிற்று.

நாற்பத்தோரு வருஷம் கழித்து அந்தப் பூவின் முன்னால் நின்றேன். ரோஸ் பூ முப்பத்தேழு இருந்தது. எண்ணிக்கை குறையவில்லை, கூடியிருந்தது. சுவர் வந்து, கழிவு வந்து, தண்ணீர் வற்றி, அதற்குப் பிறகும் பதினான்கு கூடியிருந்தது. பத்துப் பூவில் இதழ் எண்ணினேன். இலையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். வெள்ளையைப் போல் மென்மயிர், சிவப்பைப் போல் செம்பூச்சு, இரண்டும் பாதிப் பாதி. ஸ்டெல்லா கையை நீருக்குள் விட்டுத் துழாவி ஒன்பது காய்களைப் பறித்துக் கொடுத்தாள். ஒவ்வொன்றாகப் பிளந்தேன். ஒன்பதும் பொக்கு. அருகில் இருந்த வெள்ளையில் மூன்று காய் பிளந்தேன். மூன்றிலும் விதை கையை நிறைத்தது.

"திருப்தியா சார்?" என்றாள்.

திருப்திதான். அப்படி ஒரு திருப்தி என் கல்யாணத்தன்று இருந்ததாக நினைவில்லை. இதை என் மனைவி படிக்க மாட்டாள்.

ஒன்பதரைக்கு அரவிந்த் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். தொப்பி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் ஒரு பதிவேடு. நீர்நிலைகளை மீட்கும் தொண்டு நிறுவனம் ஒன்றில் வேலை. அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல என்னிடம் இல்லை. நான் பெரியவன் என்று நிழலில் உட்கார வைத்தார், தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். நான் என் பதினான்கு குறிப்புகளையும் சொன்னேன். ஐம்பது நிமிஷம் ஆயிற்று. அவர் ஒரு தடவை கூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கோயில் குளத்துச் சிவப்பு, தாங்கல் வெள்ளை, இடையில் இருந்த வாய்க்கால், பிளந்த காய்கள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன். கடைசிக் குறிப்பை எழுந்து நின்று சொன்னேன்: "இது சந்தேகத்துக்கு இடமில்லாத ஹைப்ரிட்."

"கன்ஃபார்மா சார்?"

"நாற்பத்தோரு வருஷமாகச் சொல்கிறேன்."

"ரொம்ப தேங்க்ஸ் சார். எங்களுக்கு இது தெரியவே தெரியாது. அழகா இருக்கேன்னு விட்டு வச்சிருந்தோம். எங்க பிளான்ல நாட்டுச் செடி மட்டும்தான் சார் இருக்கணும். ஹைப்ரிட் ஒண்ணு கூட உள்ள இருக்கக் கூடாது. நல்ல நேரத்துல வந்து சொன்னீங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் கரையைப் பார்த்து, "ஸ்டெல்லாக்கா, அந்த ரோஸ் எல்லாத்தையும் கிழங்கோட எடுத்துடுங்க. ஒண்ணு கூட விடாதீங்க" என்றபோது விளங்கியது.

நான் கத்தினேன் என்று நினைக்கிறேன். இது கம்பெனி விதை இல்லை, யாரும் செய்ததில்லை, இந்த மண்ணில் இந்தத் தண்ணீரில் தானாகப் பிறந்தது, இதைவிட நாட்டுச் செடி எது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சார், நாட்டுத் தக்காளி இருக்கு, ஹைப்ரிட் தக்காளி இருக்கு. ரெண்டும் ஒண்ணா? நீங்களே ஹைப்ரிட்டுன்னு ப்ரூஃபோட சொன்னீங்க. இப்ப இல்லைங்கிறீங்க."

"ஹைப்ரிட்தான். ஆனால்..."

"அவ்ளோதான் சார். நான் இதுக்கு மேல முடிவு பண்ண முடியாது. ரூல் அப்படி."

சந்தைக்குப் போகிற எல்லோருக்கும் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். சப்பென்று இருக்கும், விதை எடுத்து வைத்தால் முளைக்காது, கம்பெனிக்காரன் விற்பது. என் மனைவியே காய்கறிக்காரனிடம் "ஹைப்ரிட்டா, வேண்டாம்" என்று சொல்வதை வாரத்துக்கு இரண்டு முறை கேட்கிறேன். ஆறு பக்கத்தில் அந்தச் சொல்லை நான் பத்தொன்பது இடத்தில் எழுதியிருக்கிறேன். கலந்து பிறந்தது என்று ஒரு இடத்திலாவது எழுதியிருக்கலாம்.

ஸ்டெல்லா தண்ணீரில் நின்றபடியே கேட்டாள். "ஏன் அரவிந்த் சார், இது எங்கூரு பூதான். பொக்கல்லின்னு பேரு. எங்க ஆயா காலத்துலேர்ந்து கீது."

அரவிந்த் யோசித்தார். அவர் முகத்தில் ஒரு கணம் தயக்கம் தெரிந்ததைப் பார்த்தேன். "இத நீங்க முன்னாடியே சொல்லியிருந்தா பச்சை லிஸ்ட்ல போட்டிருப்பேன்கா. இப்ப சாரே ஹைப்ரிட்டுன்னு சொல்லிட்டாரு. படிச்சவரு சொன்னப்புறம் நான் எப்படி மாத்தி எழுதறது?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீ வாய மூடிக்கினு பூவ மட்டும் பாத்துட்டுப் போயிருந்தா அது பாட்டுக்கு இருந்திருக்கும். இல்ல?"

பதினான்கு குறிப்பு எழுதிய தாளை மடித்துப் பையில் போட்டேன்.

நால்வரும் மூலையிலிருந்து ஆரம்பித்தார்கள். அல்லிக்கிழங்கு சேற்றில் சின்னச் சின்னதாக ஒட்டிக்கொண்டிருக்கும். காலால் நெம்பி, கையால் எடுக்க வேண்டும். முப்பத்தேழு பூவும் கரைக்கு வர ஒரு மணி நேரமும் இருபது நிமிஷமும் ஆயிற்று. மூடிக்கொள்ளும் நேரம் வந்துவிட்டது. வெயிலில் கிடந்தபடியே ஒவ்வொன்றாக மூடின. அவற்றுக்குத் தாங்கள் வெளியே கிடப்பது இன்னும் தெரியவில்லை. மத்தியானம் டிராக்டர் வந்து ஆகாயத்தாமரையோடு சேர்த்து அள்ளிப் போயிற்று.

ஸ்டெல்லா இரண்டு கிழங்கைச் சேறோடு கேரி பையில் போட்டு என்னிடம் நீட்டினாள். ஊருக்குக் கொண்டுவந்து சிமென்ட் தொட்டியில் வைத்தேன். ஒன்று பன்னிரண்டாம் நாள் அழுகியது. மற்றது இரண்டு இலை விட்டிருக்கிறது. அது பூத்தாலும் என்ன? இனி அது தொட்டியில் வளரும் பூ. வீட்டைக் காலி செய்கிறபோது யாராவது தூக்கித் தாமிரபரணியில் போட்டால், எங்கள் துறைத் தலைவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரியாகிவிடும்.

பதிவேட்டைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். டிராக்டர் போன பிறகு அரவிந்த் அதைக் கொண்டுவந்து என் முன் விரித்தார். என்ன செடி, ஏன் அகற்றப்பட்டது, யார் உறுதி செய்தது என்று மூன்று பத்தி. முதல் பத்தியில் ரோஸ் நிற அல்லி என்று எழுதி, நான் சொன்ன அறிவியல் பெயர்கள் இரண்டையும் நடுவில் ஒரு பெருக்கல் குறி போட்டு எழுதியிருந்தார். ஆறு பக்கத்தில் நான் எழுதியதும் அதே குறிதான். இரண்டாம் பத்தியில், வெள்ளைக்கும் சிவப்புக்கும் இயற்கையாக உண்டான ஹைப்ரிட் என்பது காய்களைப் பிளந்து பார்த்து ஐயமற நிறுவப்பட்டது என்று இருந்தது. பிழையில்லாத வாக்கியம். அதை நான்கு முறை படித்தேன். அந்தப் பூவைப் பற்றி நான் சொன்னதை முழுவதும் கேட்டு, முழுவதும் நம்பி, மை கொண்டு எழுதி வைத்த முதல் மனிதர் அவர்.

மூன்றாம் பத்தியில் என் பெயர். கையெழுத்துப் போடச் சொன்னார். தலைப்பெழுத்தை 'மு' என்பதற்குப் பதிலாக 'சு' என்று போட்டிருந்தார். பேனாவை வாங்கி, அதைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.